சளிக்குள் குடியேறும் கிருமி
(ஆதரவாளர் கூடுகையில் எங்கள் குழந்தைகள் பிரிவின் சார்பில் ஆற்றிய உரை)



 எங்களுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிற இந்த நேரத்தில், உங்களில் ஒருவர் எழுப்பிய கேள்விக்குப் பதில் சொல்ல விரும்புகிறோம். "ஒரே பிள்ளைக்கு வருஷத்தில் மூன்று நான்கு தரம் அதே விலையுயர்ந்த ஆன்டிபயாடிக் மருந்தைக் கொடுக்கிறீர்களே, முதல் தரமே சரியாகக் கொடுத்திருந்தால் வியாதி போயிருக்காதா?" என்பதே அந்தக் கேள்வி. கேட்டவர் குறையாகக் கேட்கவில்லை. நியாயமான கேள்விதான். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற தாயும் இதையேதான் எங்களிடம் கேட்கிறார். மருத்துவ உலகமும் இதே கேள்வியோடு நெடுங்காலம் போராடியிருக்கிறது.

பதில் கொஞ்சம் சுற்றித்தான் வரும். பொறுமையாய்க் கேட்கும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.

முதலாவது, வியாதியைப் பற்றி. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்பது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிறதல்ல, பிறவியிலேயே வருகிறது. தாய் தகப்பன் இருவரிடத்திலும் பழுதுபட்ட ஒரு மரபணு மறைந்திருக்கும். அவர்கள் ஆரோக்கியமாய் இருப்பார்கள், தங்களிடத்தில் அது இருக்கிறதென்றே அறியமாட்டார்கள். இருவரிடமிருந்தும் அந்தப் பழுது பிள்ளைக்கு வந்து சேர்ந்தால்தான் வியாதி. ஒவ்வொரு கர்ப்பத்திலும் அதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஐரோப்பிய வம்சத்தாரிடத்தில் சுமார் 2,500 முதல் 3,500 பிறப்புகளுக்கு ஒன்று என்ற கணக்கில் இது காணப்படுகிறது. நெற்றியில் முத்தமிட்டால் உப்புக் கரிக்கிற குழந்தை நெடுநாள் பிழைக்காது என்று அந்தத் தேசங்களில் பழைய காலத்துப் பாட்டிமார் சொல்லிவந்தார்கள். அது மூடநம்பிக்கை அல்ல. 1938ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்தில் டோரத்தி ஆண்டர்சன் என்ற பெண் மருத்துவர், மரித்துப்போன குழந்தைகளின் கணையத்தை ஆராய்ந்து இதை ஒரு தனி வியாதியாக விவரித்தார். 1948ஆம் ஆண்டுக் கோடையில் அதே நகரத்தில் கடும் வெப்பம் வீசியபோது, உடம்பில் உப்பும் நீரும் வற்றித் துவண்டு ஆஸ்பத்திரிக்கு வந்த பிள்ளைகளில் இந்த வியாதிக்காரர் அதிகம் என்று தெரிந்தது. அந்தத் தடயத்தைப் பின்பற்றிப்போன பால் டி சான்ட் ஆக்னீஸ் என்ற மருத்துவரும் உடன் ஊழியரும், இந்தப் பிள்ளைகளின் வியர்வையில் உப்பு அதிகம் என்று 1953ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். இன்றைக்கும் வியர்வையை எடுத்து அதிலுள்ள குளோரைடை அளந்துதான் இந்த வியாதியை உறுதிப்படுத்துகிறோம். பாட்டிமாருக்கு நாக்கு இருந்தது, நமக்குக் கருவி இருக்கிறது. வித்தியாசம் அவ்வளவே.

பழுதான அந்த மரபணு 1989ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்டது. நம் உடம்பின் செல்களில் உப்பு போய்வருவதற்கென்று ஒரு சிறு வாசல் உண்டு. இந்தப் பிள்ளைகளுக்கு அந்த வாசல் சரியாய்த் திறப்பதில்லை. உப்பு போகாத இடத்துக்குத் தண்ணீரும் போகாது. ஆகவே நுரையீரலின் குழாய்களில் மெல்லிய ஈரமாய் ஓடவேண்டிய சளி, ஆறிப்போன கஞ்சியைப்போல் கெட்டியாகி ஒட்டிக்கொள்ளுகிறது. நாம் சுவாசிக்கும்போது உள்ளே போகும் தூசியையும் கிருமியையும் வெளியே தள்ளுகிற நுண்ணிய மயிரிழைகளால் அந்தக் கெட்டிச் சளியை அசைக்க முடிவதில்லை.

இனி கிருமியைப் பற்றி. அதன் பெயர் சூடோமோனாஸ். அது தேடித்தேடிக் கண்டுபிடிக்கவேண்டிய கிருமியல்ல. ஈர மண்ணில் இருக்கும், கை கழுவும் தொட்டியின் சாக்கடைத் துவாரத்தில் இருக்கும், இரண்டு நாள் மாற்றாத பூஜாடித் தண்ணீரிலும் இருக்கும். நீங்களும் நாங்களும் அதைச் சுவாசித்துக்கொண்டுதான் இருக்கிறோம். நம்மை அது ஒன்றும் செய்வதில்லை. சளி கெட்டியான நுரையீரலில் விழுந்தால்தான் அதற்குத் தங்க இடம் கிடைக்கிறது.

இப்போது அந்தப் புதிருக்கு வருகிறோம். பிள்ளையின் சளியைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்புகிறோம். அங்கே கிருமியை வளர்த்து, அதன்மேல் ஒவ்வொரு மருந்தாய் வைத்துப் பார்க்கிறார்கள். இரண்டு மூன்று நாளில் சீட்டு வருகிறது. "இந்தக் கிருமி இந்த மருந்துக்குக் கட்டுப்படும்" என்று சீட்டு சொல்லுகிறது. சரி என்று அந்த மருந்தையே நரம்பு வழியாக இரண்டு வாரம் ஏற்றுகிறோம். பிள்ளை தேறுகிறான், எடை கூடுகிறது, வீட்டுக்குப் போகிறான். சில வாரத்துக்குள் மறுபடியும் இருமல், மறுபடியும் பச்சைச் சளி. பரிசோதித்தால் அதே கிருமி. சீட்டிலும் அதே பதில்தான்: "கட்டுப்படும்." சீட்டு ஒன்று சொல்லுகிறது, பிள்ளையின் நெஞ்சு வேறொன்று சொல்லுகிறது. எதை நம்புவது?

இரண்டும் பொய் சொல்லவில்லை. இதைப் புரிந்துகொள்ள நம் வீட்டுத் தண்ணீர்க் குடத்தைப் பார்த்தால் போதும். நாலு நாள் தேய்க்காத குடத்துக்குள் கையை விட்டால் வழவழவென்று இருக்கும். குடம் நிறைய நல்ல தண்ணீரை ஊற்றிக் கொட்டினாலும் அந்த வழவழப்பு போகாது. தேங்காய் நாரும் புளியும் வைத்துத் தேய்த்தால்தான் போகும். அந்த வழவழப்பு வெறும் அழுக்கல்ல. கோடிக்கணக்கான கிருமிகள் சேர்ந்து, தங்களைச் சுற்றித் தாங்களே சுரந்த பசையினால் கட்டிக்கொண்ட குடியிருப்பு அது. இதை பயோஃபிலிம் என்கிறார்கள், தமிழில் உயிர்ப்படலம் என்று சொல்லலாம். காலையில் எழுந்தவுடன் பல்லை நாக்கால் தடவினால் தெரிகிறதும் இதுவே.

இதை முதன்முதலில் கண்டவர் ஹாலந்து தேசத்து டெல்ஃப்ட் நகரத்தில் துணி வியாபாரம் செய்துவந்த லேவன்ஹூக் என்பவர். பல்கலைக்கழகம் போனவரல்ல. தானே தேய்த்துச் செய்த கண்ணாடி வில்லைகளினாலே, தன் பல்லிலிருந்து சுரண்டிய படலத்துக்குள் துள்ளுகிற சிற்றுயிர்களைக் கண்டு, 1683, 1684ஆம் ஆண்டுகளில் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். இன்னும் ஒரு காரியத்தையும் அவர் கவனித்து எழுதினார்: காடியால் வாயைக் கொப்பளித்தால் படலத்தின் மேல்புறத்துச் சிற்றுயிர்கள் சாகின்றன, உள்ளே இருக்கிறவைகளோ சாகிறதில்லை. ஆன்டிபயாடிக் என்ற சொல்லே இல்லாத காலத்தில் ஒரு துணி வியாபாரி நம் கேள்விக்குப் பாதிப் பதிலை எழுதி வைத்துவிட்டார். ஏறக்குறைய 300 வருஷம் அதை நுரையீரலோடு யாரும் பொருத்திப் பார்க்கவில்லை.

பொருத்திப் பார்த்தவர்களில் முதன்மையானவர் டென்மார்க் தேசத்தின் கோபன்ஹேகன் நகரத்திலுள்ள ரிக்ஸ்ஹாஸ்பிடலில் பணியாற்றிய நீல்ஸ் ஹொய்பி என்ற மருத்துவர். 1970களில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் வியாதியஸ்தரின் சளியை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, கிருமிகள் தனித்தனியே சிதறி நிற்காமல், பசைபோன்ற ஒரு பொருளுக்குள் கொத்துக் கொத்தாய் அடைந்து கிடந்ததை அவர் கண்டார். கனடாவில் பில் காஸ்டர்டன் என்பவரும் உடன் ஊழியரும் இதேபோன்ற கொத்துகளை மரித்தோரின் நுரையீரலிலேயே கண்டு 1980ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். அந்தப் பசையின் முக்கியமான பகுதி ஆல்ஜினேட். ஐஸ்கிரீமைக் கெட்டியாக்குவதற்குக் கடற்பாசியிலிருந்து எடுக்கிறார்களே, அதற்கு நெருங்கிய உறவு.

பரிசோதனைக்கூடம் எந்தக் கிருமியைப் பார்த்தது என்று இப்போது விளங்கும். நல்ல சாப்பாடு போட்டு வளர்த்து, தனித்தனியாய் நீந்தவிட்ட கிருமியைப் பார்த்தது. நெஞ்சில் இருக்கிறதோ வீடு கட்டிக் குடியேறின கிருமி. அந்த வீட்டுக்குள் நடப்பது என்ன? மேலே இருக்கிற கிருமிகள் பிராணவாயுவைத் தின்றுவிடுவதால் அடியில் இருப்பவைகளுக்கு அது கிடைப்பதில்லை. அவை வளர்ச்சியைக் குறைத்து ஏறக்குறைய உறங்குகின்றன. பென்சிலின் வகை மருந்துகளோ, கிருமி வளர்ந்து தன் சுவரைக் கட்டுகிற வேளையில்தான் அதைக் கொல்லக்கூடியவை. கட்டட வேலை நடக்காத இடத்தில் கொத்தனாரைப் பிடிக்கப் போனால் யார் அகப்படுவார்? டோப்ராமைசின்போன்ற மருந்துகளை அந்தப் பசையே பிடித்துவைத்துத் தாமதப்படுத்துகிறது. ஆகவே நீந்துகிற கிருமியைக் கொல்லத் தேவையான அளவைவிட 100 மடங்கு, சில வேளைகளில் 1,000 மடங்கு மருந்து இருந்தாலும் படலத்துக்குள் இருக்கிறவை தாங்கிக்கொள்ளும். அவ்வளவு மருந்தை ரத்தத்தில் ஏற்றினால் கிருமி சாகிறதற்கு முன்னே பிள்ளையின் காதும் சிறுநீரகமும் கெட்டுப்போகும்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லவேண்டும். மருந்துக்கு எதிர்ப்புச் சக்தி பெற்ற கிருமி என்று பத்திரிகைகளில் படிக்கிறோமே, அது வேறு, இது வேறு. 1944ஆம் ஆண்டில் ஜோசப் பிக்கர் என்ற அயர்லாந்து தேசத்துக் கிருமியியல் அறிஞர், பென்சிலின் போட்ட பாத்திரத்தில் கிருமிகள் ஏறக்குறைய எல்லாம் செத்தபிறகும் மிகமிகச் சில மீதியிருப்பதைக் கண்டார். அந்த மீதியை எடுத்துத் திரும்ப வளர்த்து, திரும்பப் பென்சிலின் போட்டார். அவைகளின் சந்ததி முன்போலவே செத்தது. மறுபடியும் சில மீதி! அவை மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொண்டவை அல்ல, மருந்து வந்த நேரத்தில் உறங்கிக்கொண்டிருந்தவை. படலத்துக்குள் இப்படி உறங்குகிறவை நிறைய. மருந்தை நிறுத்தியதும் விழித்து மறுபடியும் பெருகுகின்றன. பிள்ளை தேறி வீட்டுக்குப் போய்ச் சில வாரத்தில் திரும்பி வருவதற்கு இதுவே காரணம். தாய் மருந்தை ஒழுங்காய்க் கொடுக்கவில்லை என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். அநேக வீடுகளில் மாமியாரும் அண்டை வீட்டாரும் அப்படித்தான் சொல்லுகிறார்கள். அந்தப் பழி தாயின்மேல் விழுவது எங்களுக்கு மிகவும் வருத்தமான காரியம்.

நுரையீரல் கெடுவதற்குக் கிருமி மட்டும் காரணமல்ல. கிருமியைப் பிடிக்க ரத்தத்திலிருந்து வெள்ளணுக்கள் படையாய் வருகின்றன. படலத்தை அவைகளால் விழுங்க முடிவதில்லை. அங்கேயே வெடித்துச் சாகின்றன. கிருமியைக் கரைக்க வைத்திருந்த ரசங்கள் கொட்டி, பிள்ளையின் சொந்த நுரையீரலையே அரிக்கின்றன. செத்த வெள்ளணுக்களின் டி.என்.ஏ. நூல்கள் கலந்து சளி இன்னும் பிசினாகிறது. அந்த நூலை வெட்டிச் சளியை இளக்குகிற டோர்னேஸ் என்ற சுவாச மருந்து அமெரிக்காவில் 1993ஆம் ஆண்டின் கடைசியில் அனுமதி பெற்றது. முதுகிலும் மார்பிலும் தட்டிச் சளியை வெளியேற்றுகிற பிசியோதெரபி அதற்கும் மூத்தது. அது நம் தேங்காய் நார்தான். தினமும் செய்யவேண்டும், பிள்ளைக்குப் பிடிக்காது, தாய்க்குக் கை வலிக்கும். ஆனாலும் அதற்கு ஈடு இல்லை.

கோபன்ஹேகன் மருத்துவர்கள் இரண்டு காரியங்களைச் செய்தார்கள். கிருமி ஏற்கெனவே குடியேறிவிட்ட பிள்ளைகளுக்கு, சுகவீனம் முற்றும்வரை காத்திராமல், 1976ஆம் ஆண்டுமுதல் மூன்று மாதத்துக்கு ஒரு தரம் இரண்டு வாரம் நரம்பு வழியாக மருந்து கொடுத்தார்கள். வருஷத்தில் நான்கு தரம்! உங்கள் கேள்வியில் இருந்த அதே நான்கு. வீட்டை இடிக்க முடியாவிட்டாலும், வீட்டைவிட்டு வெளியே வந்து பெருகுகிறவைகளைத் திரும்பத்திரும்ப வெட்டிக் குறைத்தால் நுரையீரல் அவ்வளவு காலம் தப்பும் என்பது அவர்கள் கணக்கு.

இரண்டாவது காரியம்தான் எங்களுக்குப் பெரிதாய்த் தோன்றுகிறது. கிருமி வீடு கட்டுவதற்கு முன்னே, வழிப்போக்கனாய் வந்திறங்கின முதல் நாட்களிலேயே அதைப் பிடித்தால் என்ன என்று அவர்கள் யோசித்தார்கள். அதுவரை சூடோமோனாஸுக்கு எதிரான ஆன்டிபயாடிக் பெறாமல், அந்தக் கிருமி நிலையாய்த் தங்கிவிடாமல் இருந்த 26 பேரை எடுத்துக்கொண்டு இரண்டு கூட்டமாய்ப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்தில் சூடோமோனாஸ் தென்படும் ஒவ்வொரு தரமும், பிள்ளை நன்றாயிருந்தாலும், கோலிஸ்டின் மருந்தை ஆவியாய்ச் சுவாசிக்கவும் சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரையும் மூன்று வாரம் கொடுத்தார்கள். மற்றக் கூட்டத்துக்கு அப்படிக் கொடுக்கவில்லை. 27 மாதத்துக்குப்பின் கணக்குப் பார்த்தார்கள். மருந்து பெற்ற 14 பேரில் 2 பேருக்குத்தான் கிருமி நிலையாய்க் குடியேறியிருந்தது. பெறாத 12 பேரில் 7 பேருக்குக் குடியேறிவிட்டது. இது 1991ஆம் ஆண்டில் லான்செட் ஏட்டில் வந்தது. சிறிய ஆராய்ச்சிதான். ஆனால் பிற்பாடு மற்றத் தேசத்தாரும் இந்த வழியையே கைக்கொண்டார்கள். கோலிஸ்டின் புதிய மருந்துமல்ல, சிறுநீரகத்தைக் கெடுக்கிறதென்று ஒதுக்கி வைக்கப்பட்ட பழைய மருந்து. ஆவியாய் நேரே நெஞ்சுக்குள் அனுப்பும்போது வேண்டிய இடத்தில் நிறையவும் ரத்தத்தில் கொஞ்சமாகவும் சேருகிறது. இதே யோசனையில் சுவாசிக்கும் டோப்ராமைசின் 1997ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

(இந்த இடத்தில் ஒரு எச்சரிப்பு. சிப்ரோஃப்ளாக்சசின் பெயரைக் கேட்டதும், நம் பேரப்பிள்ளையின் இருமலுக்கு மருந்துக்கடையில் நாமே வாங்கிக் கொடுக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். நாம் பேசுவது கிருமியைப் பரிசோதனையில் கண்டுபிடித்த பின்பு கொடுக்கிற சிகிச்சையைப் பற்றி.)

எல்லா யோசனையும் பலித்துவிடவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். சீட்டில் பிழையிருந்தால், படலமாய் வளர்த்த கிருமியின்மேல் மருந்தைச் சோதித்தால் சரியான மருந்து அகப்படுமே என்று சில ஆராய்ச்சியாளர் அதற்கான கருவியைச் செய்து, வியாதியஸ்தரிடத்தில் ஒப்பிட்டும் பார்த்தார்கள். பழைய முறையைவிடத் தெளிவான நன்மை ஒன்றும் கிடைக்கவில்லை. கண்ணாடித் தட்டில் கட்டின வீடும் நெஞ்சில் கட்டின வீடும் ஒன்றல்ல போலும்.

இன்னொரு காரியம் மனதை வருத்துகிறது. இந்தக் கிருமிகள் ஒரு வியாதியஸ்தரிடமிருந்து இன்னொரு வியாதியஸ்தருக்குப் போகும். அதிலும் ஒரு நெஞ்சில் பழகித் தேறின கிருமி வெகு கொடியது. ஆகையால் டென்மார்க்கில் 1980களின் தொடக்கத்திலிருந்து கிருமி உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் வேறு வேறு நாட்களில் வரவழைத்தார்கள். வட அமெரிக்காவில் இந்தப் பிள்ளைகளுக்கென்று கோடைக்கால முகாம்கள் நடந்துவந்தன. ஒரே வியாதி, ஒரே மாத்திரை, ஒரே இருமல், யாரும் திரும்பிப் பார்த்து முகம் சுளிக்கமாட்டார்கள் என்று பிள்ளைகள் வருஷமெல்லாம் அந்த ஒரு வாரத்துக்குக் காத்திருப்பார்கள். 1990களில் அந்த முகாம்கள் மூடப்பட்டன. தன்னை நன்றாய்ப் புரிந்துகொள்ளக்கூடிய சிநேகிதனுக்குப் பக்கத்திலேயே அந்தப் பிள்ளை உட்காரக்கூடாது. எங்கள் வராந்தாவிலும் இரண்டு தாய்மார் பேசத் தொடங்கினால் பிள்ளைகளைத் தள்ளி உட்காரவையுங்கள் என்று சொல்லவேண்டியிருக்கிறது. அதைச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் மனம் வருவதில்லை, சொல்லாமலும் இருக்கமுடியாது.

வாசலையே திறக்கிற மருந்து வந்துவிட்டதே என்று செய்தித்தாள் படித்தவர்கள் கேட்கலாம். வந்திருக்கிறது. 2012ஆம் ஆண்டில் முதல் மருந்தும், 2019ஆம் ஆண்டில் மூன்று மருந்து சேர்ந்த மாத்திரையும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. அவைகளை எடுப்பவர்களுக்குச் சளி இளகுகிறது, எடை கூடுகிறது, பலர் வேலைக்கும் கல்யாணத்துக்கும் ஆயத்தமாகிறார்கள். ஆனால் ஏற்கெனவே நெஞ்சில் குடியேறிவிட்ட கிருமி அநேகரிடத்தில் குறைகிறதேயன்றி முற்றும் போகிறதில்லை. விலையோ, மூன்று மருந்து மாத்திரை அமெரிக்காவில் வெளியானபோது ஒருவருக்கு ஒரு வருஷத்துக்கு 3,00,000 டாலருக்கு மேல். எல்லா மரபணுப் பழுதுக்கும் அது கேட்பதுமில்லை. அது மிகவும் நன்றாய்க் கேட்கிற பழுது ஐரோப்பியரிடத்தில் காணப்படுகிற அளவுக்கு இந்தியப் பிள்ளைகளிடத்தில் காணப்படுவதில்லை.

நம் நாட்டில் இந்த வியாதியே இல்லை என்று வெகுகாலம் நினைத்திருந்தோம். 1960களிலேயே இந்திய மருத்துவ ஏடுகளில் இது பதிவாகியிருந்தும் அந்த எண்ணம் மாறவில்லை. காசநோய் என்று மாதக்கணக்கில் மருந்து தின்ற பிள்ளைகள் உண்டு, ஆஸ்துமா என்று பெயர் எழுதப்பட்ட பிள்ளைகளும் உண்டு. வியர்வைப் பரிசோதனை செய்யும் இடங்கள் இன்னும் குறைவு. பிந்தி வருகிற பிள்ளை, கிருமி வீடு கட்டி முடித்தபின் வருகிறது.

ஆகையால் அந்தக் கேள்வியைக் கேட்ட சகோதரருக்கு எங்கள் பதில் இது: முதல் தரமே போயிருக்கும், முதல் தரம் என்பது கிருமி வந்த முதல் வாரங்களாய் இருந்திருந்தால். அந்தப் பிள்ளையைப் பொறுத்தமட்டில் அந்த வாரங்கள் நாங்கள் அவனைக் காண்பதற்கு முன்னே கடந்துவிட்டன. அவனுக்கு இனி வருஷத்தில் மூன்று நான்கு தரம் மருந்து வேண்டியதுதான். அந்த மருந்து வீணல்ல, அது அவனுடைய பள்ளிக்கூட நாட்கள். அவனுக்குப் பின் பிறந்த தங்கைக்கும் வியர்வைப் பரிசோதனை செய்தோம், அவளுக்கும் இருக்கிறது. அவள் நன்றாய்த்தான் இருக்கிறாள், ஓடி விளையாடுகிறாள். "நல்லாயிருக்கிற பிள்ளையை மாசாமாசம் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வரணுமாம்மா?" என்று தகப்பனார் எங்கள் சிஸ்டரிடம் கேட்டார். ஒரு நாள் கூலி போகும் அவருக்கு. வரவேண்டும் ஐயா, நல்லாயிருக்கும்போதுதான் வரவேண்டும் என்று சிஸ்டர் சொன்னார். வருகிறார்கள். தொண்டையில் பஞ்சுக்குச்சியை வைத்துத் துடைத்து எடுப்பதற்கு அரை நிமிஷம் ஆகும். அவள் அழுவாள், பிறகு பிஸ்கெட் கொடுப்போம். இதுவரை அவளிடத்தில் சூடோமோனாஸ் காணப்படவில்லை.

மருந்தை ஆவியாக்குகிற நெபுலைசர் கருவியும், அந்தப் பஞ்சுக்குச்சியும் பின்னால் மேஜைமேல் வைத்திருக்கிறோம். தேநீர் குடித்துக்கொண்டே பார்க்கலாம். கருவியைப் போட்டுக் காட்டச் சொன்னால் காட்டுகிறோம், உப்புத் தண்ணீர்தான் ஊற்றியிருக்கிறது.